பால் கணக்கு ஆப்பின் லாக்கை மாங்கோடிபிக்கு மாற்றிய கதை

எங்கள் குடியிருப்பின் பால் கணக்குக்கு ஃபிளாஸ்க்கில் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் கருவி) ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முப்பது வீடு, அவ்வளவுதான். "காலையில திறக்கவே மாட்டேங்குது தம்பி" என்று மூன்றாம் மாடி அக்கா சொல்லும்போதெல்லாம் சர்வருக்குள் நுழைந்து, ஆப்பில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலை கிரெப் செய்வேன், அதாவது சொல் கொடுத்துத் தேடுவேன். எந்தப் பக்கம் என்பது ஒரு வரியில் இருக்கும். ஏன் விழுந்தது என்பது இருபது வரி தள்ளி வேறு யாருடைய ரிக்வெஸ்டோடோ கலந்து கிடக்கும். மாங்கோடிபி என்ற டேட்டாபேஸில் ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு டாக்குமெண்ட் (ஒரு பதிவு), பிழை வந்தால் அது எங்கே விழுந்தது என்று காட்டும் டிரேஸ்பேக்கும் அதற்குள்ளேயே என்று வைத்தால் தேவலை எனத் தோன்றியது.

முதலில் கேப்டு கலெக்‌ஷன். அளவு வரம்புள்ள பதிவுத் தொகுப்பு அது; அளவைச் சொல்லிவிட்டால், நிறைந்ததும் பழையதைத் தானே தள்ளிவிடும். 50 எம்பி என்று நினைத்துக்கொண்டு 50 என்று கொடுத்தேன். அது பைட் கணக்கு! மறுநாள் பார்த்தால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பதிவுகள். 5,24,28,800 என்று திருத்தியதும் ஒழுங்காக ஓடியது, ஒன்றாம் தேதி வரை. அன்று பில் பக்கத்தில் ஒரு பிழை திரும்பத் திரும்ப விழ, டிரேஸ்பேக்குகள் குவிந்து முந்தைய வார லாக்கை மொத்தமாக வெளியே தள்ளிவிட்டன. இடத்தைப் பார்த்து அழிப்பது எனக்கு ஒத்துவராது, நாளைப் பார்த்து அழிக்க வேண்டும்.

ஆகவே சாதாரண கலெக்‌ஷன், அதில் நேர ஃபீல்டுக்கு டி.டி.எல். இண்டெக்ஸ் (குறித்த காலம் கடந்த பதிவை அழிக்கச் சொல்லும் அமைப்பு), 25,92,000 விநாடி. அதாவது 30 நாள். 60 விநாடிக்கு ஒருமுறை பின்னணியில் ஒரு வேலை ஓடி, காலாவதியானதை நீக்கும்.

35 நாள் கழித்தும் முதல் நாள் லாக் அப்படியே இருந்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. ஒரு டாக்குமெண்டை ஷெல்லில் திறந்து உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது: நேரத்தைச் சுற்றி வெறும் மேற்கோள்குறி. ஐசோஃபார்மேட் போட்டு ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாகச் சேமித்திருக்கிறேன். தேதி வகையில் இல்லாததை டி.டி.எல். தொடவே தொடாது, அதைப் பற்றி மூச்சும் விடாது. எழுத்தைத் தேதியாக்கும் டூடேட் போட்டு எல்லாவற்றையும் ஒரே அப்டேட்டில் மாற்றினேன். ஓரிரு நிமிடத்தில் பழையவை காணாமல் போயின. டிஸ்க்கில் ஃபைல் மட்டும் இளைக்கவில்லை. காலியான இடத்தைப் புதுப் பதிவுகளுக்காக அதுவே வைத்துக்கொள்கிறது. சரி, இருக்கட்டும்.

(இடையில் ஃபார்மில் வருவதை அப்படியே லாக்கில் போட்டதில் எல்லார் பின் நம்பரும் உள்ளே போயிருந்தது. அந்த ஃபீல்டை ஓடிப்போய் அழித்தேன்.)

அப்புறம் அக்காவின் புகார். மூன்று விநாடிக்கு மேல் எடுத்தவற்றை மணிவாரியாகக் கூட்டிப் பார்த்தால், எல்லாம் 0:00க்கும் 0:15க்கும் நடுவில். நள்ளிரவில் யார் பால் கணக்குப் பார்க்கிறார்கள்? மாங்கோடிபி தேதியை யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வைக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை 5:30, பால்காரர் வரும் நேரம். சர்வர் கடிகாரமும் யுடிசிதான். "ராத்திரி 12 மணிக்கு" என்று கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) நான் வைத்த பேக்கப், தினமும் அதே நேரத்தில் ஓடியிருக்கிறது.

அதை 20:30க்கு மாற்றினேன், நமக்கு அதிகாலை 2 மணி. நேற்று லிஃப்டில் பார்த்தபோது அக்கா ஆப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை. தயிரையும் அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டார்.