பூட்டன் விற்ற மாடு

2015 மே மாதக் கடைசியில் பணி ஓய்வு பெற்றேன். பதிவேட்டின்படி அன்றோடு எனக்கு 58 வயது முடிந்தது. உண்மையில் முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது என்பது அப்போது எனக்கே தெரியாது.

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து தலைமையாசிரியையாக முடித்தவள் நான். ஜூன் மாதம் வந்தால் சேர்க்கைப் பதிவேட்டோடு உட்கார்ந்துவிடுவேன். கொழுந்து பறிக்கப் போகிற வழியில் பிள்ளையைக் கையில் பிடித்து வரும் தாயிடம், “எப்பம்மா பொறந்தான்?” என்று கேட்டால், “அந்தப் பெரிய மண்சரிவு வந்துச்சுல்ல டீச்சர், அதுக்கு முந்தின மழையில” என்பாள். நான் மனக்கணக்குப் போட்டு, ஐந்து வயது முடிந்தாற்போல் ஒரு தேதி எழுதிவிடுவேன். அந்தக் காலத்தில் ஊர் ஊருக்கு வாத்தியார்கள் செய்த வேலைதான் இது. என்னிடம் படித்தவர்களில் ஜூன் மாதம் பிறந்தவர்கள் ஏராளம்.

பேரனுக்கு முதல் மொட்டை போட வேண்டும் என்ற பேச்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது. “குலதெய்வக் கோயில் எந்த ஊருல?” என்று மருமகளின் அம்மா கேட்டார். மாசி பெரியண்ணசாமி என்று பெயர் சொல்லத் தெரிந்தது. ஊர் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்து மரத்தடியில் நட்ட கல்லைத்தான் இத்தனை காலமும் கும்பிட்டு வந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நாங்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அரசுத் தாள்களில் ‘தாயகம் திரும்பியோர்’, அக்கம்பக்கத்தில் ‘சிலோன்காரங்க’. அங்கே இருந்தபோது ‘இந்தியாக்காரர்கள்’. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். 1972இல் அந்த முதல் கணக்கில் அப்பா, அம்மா, நான், தம்பி. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, அப்புறம் இன்றைக்கு டான்டீ என்று சொல்கிற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தோம். அத்தை இலங்கைக் கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார்.

அம்மாவிடம் கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அவர் 2009இல் காலமாகிவிட்டார். கேட்க நினைத்தபோதெல்லாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கையில் இருந்தது ஒரே ஒரு தாள்: இங்கே வரும்போது கொடுத்த குடும்ப அட்டை. அப்பா பாஸ்போர்ட்டை வட்டிக்காரரிடம் அடகு வைத்தார், அது திரும்பவே இல்லை. அட்டையில் குடும்பத்தார் பெயரும் வயதும் இருந்தன, பிறந்த தேதி இல்லை. பூர்வீக ஊர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பெயர், முசிறித் தாலுகா, திருச்சி மாவட்டம். அந்தப் பெயரைக் கல்பட்டி, கல்லுப்பட்டி, காளப்பட்டி, கள்ளப்பட்டி என்று எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். ல, ள, ழ வித்தியாசம் சொல்லிக்கொடுத்தே தொண்டை வற்றியவள் நான். அந்த மூன்றுக்கும் ஒரே எழுத்தைத் தட்டிவிட்டுப் போன குமாஸ்தாவை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

முதல் தப்பு நான் செய்ததுதான். முசிறிக்குப் போய் இரண்டு நாள் அலைந்தேன். ஒலியில் கிட்டே வருகிற ஊர் ஒவ்வொன்றிலும் இறங்கி, கண்டிக்கு, அதாவது இலங்கைத் தோட்டங்களுக்கு, போன குடும்பம் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், “பழைய முசிறித் தாலுகான்னா துறையூரும் அதுலதாம்மா இருந்துச்சு” என்றார். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நூறாண்டுக்கு முந்தைய தாலுகாவைத் தேடியிருக்கிறேன். பிறகு யாராவது இந்த வேலையில் யோசனை கேட்டால், முதலில் பழைய எல்லையைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2018 ஜனவரியில் அத்தையைப் பார்க்கப் போனேன். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மஸ்கெலியாவில் நான் பிறந்த தோட்டம் அப்படியே இருந்தது. பழைய மஸ்கெலியா நகரம் மட்டும் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில். தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயில் வெளியே தெரியும் என்றார்கள். நான் போனபோது வெறும் தண்ணீர்தான்.

அத்தைக்கு 84 வயது. லயத்து, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் உட்கார்ந்து, வெற்றிலையை இடித்துக்கொண்டே சொன்னார். “ஒங்க பூட்டன் துண்டோட வந்தவரு. ஒங்க தாத்தா அப்ப சின்னப் புள்ள. ஊருல மழ இல்ல, சோறு இல்ல. மனுசன் துண்டோட வந்துட்டாரு.” சின்ன வயதிலும் இதைக் கேட்டிருக்கிறேன். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நடந்து வரும் ஆளாகத்தான் பூட்டனை இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அத்தை சிரித்துவிட்டார். அது தகரத் துண்டாம். 1901 வாக்கில் வந்த முறை அது. ஆள் சேர்க்கும்போதே தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். அப்புறம் அது ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணி பேரில் கடனாகி, அவர் வழியாகக் கூலியின் தலையில் வந்து இறங்கும். அந்த வில்லை இருக்கிறதா என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். இல்லை. ஆனால் பூட்டன் வந்தது 1901க்குப் பிறகு என்று ஓர் எல்லை கிடைத்தது.

தோட்டத்து ஆபீசில் பழைய செக்ரோல் புத்தகங்கள், அதாவது தொழிலாளர் பேர்ப் பதிவேடுகள், இருக்கும் என்று நம்பிப் போனேன். 1970களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது ஒரு முறை, 1992இல் கம்பெனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தபோது ஒரு முறை என்று கைமாறியதில் பழைய புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை என்றார் கிளாக்கர் ஐயா. தேநீர் மட்டும் நன்றாகக் கொடுத்தார்.

பிறப்புச் சான்றிதழுக்கு அத்தை மகன் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துக் கொடுத்தான். பதிவு எண் தெரியாததால் உத்தேச ஆண்டுகளைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்ல வேண்டியிருந்தது. நான் திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. பிறந்தது 1958 நவம்பர். “தீபாவளி முடிஞ்ச வாரத்துல நீ பொறந்த” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது சரிதான். அப்படியானால் பதிவேட்டில் இருக்கும் 1957 ஜூன் 1? நான் படித்த பள்ளிக்கே போய்ப் பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். அந்தக் காலத்துத் தலைமையாசிரியரின் குண்டு குண்டான கையெழுத்து. 1972இல் குடும்ப அட்டையில் 15 என்று வயது போட்டிருந்ததைப் பார்த்து அவரும் மனக்கணக்குப் போட்டிருக்கிறார். அவர் கை பட்டு எனக்கு ஒன்றரை ஆண்டுச் சம்பளம் போயிற்று. அவரைத் திட்ட வாய் வரவில்லை. நான் எழுதிய தேதிகளால் எத்தனை பேர் வேலை எப்படிப் போயிருக்கிறதோ?

அத்தை பேத்தியின் பிறப்புச் சான்றிதழையும் பார்த்தேன். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று அதில் ஒரு கட்டம். பூட்டனாருக்கும் ஒன்று. இது வெறும் படிவமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களிடம் கேட்ட கேள்வியே அதுதான்: அப்பா இங்கே பிறந்தவரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா, காகிதத்தைக் காட்டு. லயத்தில் பிறந்த அந்தத் தலைமுறையில் காகிதம் வைத்திருந்த வீடு அபூர்வம். காட்ட முடியாததால்தான் நாங்கள் கப்பல் ஏறினோம். எழுபது ஆண்டு கழித்து அதே கேள்விக்கு நானாகவே பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

வழி திறந்தது அங்கேயே, தோட்டத்து மாரியம்மன் கோயிலில். கிளம்புகிற அன்று கும்பிடப் போனபோது, படிக்கட்டுப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு கல் கண்ணில் பட்டது. தேங்காய் நாரால் தேய்த்தோம். கோயில் கட்டிக்கொடுத்த பெரிய கங்காணியின் பெயர், தகப்பன் பெயர், ‘முசிறித் தாலுகா துறையூரைச் சேர்ந்த’ என்று ஊர்ப் பெயர், எல்லாம் வெட்டியிருந்தது. தமிழில். ‘ள’ சுத்தமாக ‘ள’வாகவே இருந்தது. கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்தான் ஆள் கட்டிக்கொண்டு வருவார்கள். என் பூட்டனுக்குக் கல் வைக்க யாரும் இல்லை, ஆனால் அவரைக் கொண்டுவந்தவருக்குக் கல் இருந்தது. கூலியைத் தேடாமல் கங்காணியைத் தேடியிருந்தால் இரண்டு ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

துறையூர்ப் பக்கத்து அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்று கொஞ்சத்தில் தெரியும்.

தேநீர்க்கடையில் விசாரித்ததும் வந்த முதல் கேள்வி, “நீங்க என்ன ஆளுங்க?” அதைச் சொன்னால்தான் எந்தத் தெரு என்று கை காட்டுவார்கள். வகுப்பில் இதை யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று ஆயுசு முழுக்கச் சொன்னவள் நடுத்தெருவில் நின்று பதில் சொன்னேன். எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

காட்டிய தெருவில் பூட்டன் பெயரைச் சொன்னதும் இரண்டு இளைஞர்கள் முகம் இறுகிப் போனார்கள். உள்ளே போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்து, “பங்கு ஏதும் கேட்டு வந்திருக்கீங்களா?” என்றார்கள். நிலமெல்லாம் வேண்டாம், பெயர்கள் தெரிந்தால் போதும் என்றேன். நம்பவில்லை. ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் உட்கார நாற்காலி வந்தது.

திண்ணையில் இருந்த பெரியவர் மட்டும் நேராகக் கேட்டார். “கண்டிக்கு ஓடினானே, அவன் வகையறாவா நீ?”

“ஆமாங்க.”

“எங்க தாத்தாவுக்குத் தம்பி அவன். அண்ணன் சந்தைக்குப் போன நேரம் பாத்து, உழவு மாட்டுல ஒண்ண ஓட்டிட்டுப் போயி வித்துப்புட்டு, ராத்திரியோட ராத்திரியா கங்காணியோட போயிட்டான். எங்க தாத்தா சாகிற வரைக்கும் ஒத்த மாட்ட வெச்சுக்கிட்டுப் பொலம்பினாரு.”

அத்தை சொன்ன பஞ்சமும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஊரில் என் பூட்டன் பெயர் நூறாண்டுக்கு மேல் அழியாமல் இருந்ததற்குக் காரணம் அந்த மாடுதான். கிராமத்து அ-பதிவேட்டில் அவர் பெயர் இல்லை, அவர் பேரில் நிலம் இருந்ததில்லை. பெரியவர் வாயில் இருந்தது. முறை பார்த்தால் அவர் எனக்குப் பெரியப்பா. பூட்டனுக்கு மேலே இரண்டு தலைமுறைப் பெயர்களை மூச்சுவிடாமல் சொன்னார். எழுதிக்கொண்டேன். இதுவும் வாய்வார்த்தைதானே, எங்கேயாவது ஒரு பெயர் இடம் மாறியிருக்கலாம் என்று பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். பழக்கதோஷம்.

மாசி மாதம் பேரனுக்கு அங்கேயே மொட்டை போட்டோம். மருமகள் வீட்டாரும் வந்திருந்தார்கள். கோயில் பொங்கலுக்கு 5,000 ரூபாய் கொடுத்தேன். வரவு நோட்டை எடுத்து வந்த பையனைப் பெரியப்பா தடுத்து, “டீச்சருதானே, நீயே எழுது. ஒன் கையெழுத்து நல்லாருக்கும்” என்றார். என் பெயரை எழுதப் போனேன். “ஒம் பேரு எதுக்கு? அவன் பேர எழுது. மாட்டு வகையில வரவுன்னு போடு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பூட்டன் பெயரை எழுதி, மாட்டு வகையில் வரவு ரூ. 5,000 என்று போட்டேன். தேதியை மட்டும் செல்போனில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதினேன்.