அனுமதிக்குக் காத்திருக்கும் உண்மை

மார்ச் 3

பேரிடர்களின்போது சீன அரசு மக்களிடம் பேசிய விதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 1976-இல் நிகழ்ந்த தாங்ஷான் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 2,42,000 பேர் மாண்டனர் என்ற கணக்கு 1979 நவம்பரில்தான் வெளியிடப்பட்டது. தம் வீட்டுப் பிணங்களைத் தாமே எடுத்துப் புதைத்த மக்களுக்கு, ஊரின் மொத்த இழப்பு அதுவரை அரசு ரகசியமாகவே இருந்தது.

மார்ச் 5

சான்லு நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவில் மெலமைன் என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததை அந்நிறுவனம் 2008 ஆகஸ்ட் 2 அன்றே ஷிஜியாசுவாங் நகர நிர்வாகத்திடம் தெரிவித்துவிட்டது. ஒலிம்பிக் தொடங்க ஆறு நாட்களே இருந்தன. நிர்வாகமோ செப்டம்பர் 9 அன்றுதான் அதை மாகாண அரசுக்கு அறிவித்தது. இடைப்பட்ட வாரங்களில் தாய்மார்கள் அதே மாவைக் கரைத்துப் புகட்டினார்கள். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தனர். மானத்தைப் பெரிதெனக் கருதும் பண்பாடே இந்த மௌனத்துக்குக் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நகர அதிகாரியின் பதவி உயர்வு மேலே உள்ள கட்சிக் குழுவின் கையில் இருக்கிறதேயன்றி அந்தத் தாய்மார்களின் கையில் இல்லை. ஆகவே கெட்ட செய்தி வெளியே போவதற்குமுன் மேலே போக வேண்டியிருக்கிறது; மேலே அனுப்பவும் அவர் அஞ்சுகிறார்.

மார்ச் 8

பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2008 மே 12 அன்று வென்சுவான் பகுதி நிலநடுக்கத்தில் குலுங்கிய சில மணி நேரத்திலேயே பிரதமர் வென் ஜியாபாவ் அங்கே சென்று சேர்ந்ததிலும், நாடு மூன்று நாள் துக்கம் அனுசரித்ததிலும், ஆள்பவர் பெற்றோரைப்போல உடன் நின்று வருந்த வேண்டும் என்னும் பழைய எதிர்பார்ப்பு தெரிகிறது. ஆயினும் பள்ளிக் கட்டடங்கள் ஏன் நொறுங்கின என்று பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் கேட்டபோது, காவல்துறை அவர்களைக் கலைத்தது. துயரத்துக்கு இடமளித்த அரசு பொறுப்பைக் கேட்கும் குரலுக்கு இடமளிக்கவில்லை.

மார்ச் 9

மேலிடத்தின் அனுமதி பெற்ற பின்னரே கொரோனா தொற்றைப் பற்றிய தகவலை வெளியிட முடிந்தது என்று வூஹான் மேயர் ஜோ சியான்வாங் 2020 ஜனவரி 27 அன்று அரசுத் தொலைக்காட்சியிலேயே சொன்னார். அப்போதைய தொற்றுநோய்ச் சட்டமும் தானே தகவல் வெளியிடும் அதிகாரத்தை நகர நிர்வாகத்துக்குத் தரவில்லை. அதே கன்பூசியப் பண்பாட்டு மரபில் வந்த தைவானிலோ சுகாதார அமைச்சர் சென் ஷிசுங் அவ்வாண்டு பல வாரங்கள் நாள்தோறும் செய்தியாளர்களின் கேள்விகளுக்கு விடையளித்தார். நோயைப் பற்றி நண்பர்களை எச்சரித்ததற்காகக் காவல்துறையால் கண்டிக்கப்பட்ட மருத்துவர் லீ வென்லியாங் பிப்ரவரி 7 அன்று இறந்தபோது, சீன இணையத்தில் பேச்சுரிமை கேட்டு எழுந்த குரல்கள், மௌனம் அம்மக்களின் இயல்பன்று என்பதைக் காட்டின. மார்ச் 19 அன்று அந்தக் கண்டனம் திரும்பப் பெறப்பட்டது. காவல் நிலையத்தைச் சேர்ந்த இருவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அனுமதி வழங்கும் முறையை அப்போது யாரும் தொடவில்லை.