கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் வரை

எருசலேம் போகும் நம் யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் சீலோவாம் குளத்தில் இறங்கி, பிறவிக் குருடன் கண் கழுவிப் பார்வை பெற்ற யோவான் 9-ஐ வாசித்து, ஜெபம் பண்ணிவிட்டு பஸ் ஏறிவிடுகின்றன. எனக்கு அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வருகிற வழியாகவே நடந்து வர ஆசை.

தாவீதின் நகரத்தில் படியிறங்கினால் கெதரோன் பள்ளத்தாக்கின் ஓரமாகக் கீகோன் ஊற்று. சாலொமோனை ராஜாவாக அபிஷேகம் பண்ணியது இங்கேதான். அங்கிருந்து பாறைக்குள் 533 மீட்டர் சுரங்கம். அசீரியப் படை வருகிறது என்றதும் எசேக்கியா ராஜா ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் திருப்பிவிட்டதாக வேதம் சொல்கிறது. அசீரிய ராஜா சனகெரிப் வந்தது கி.மு. 701-இல்.

காலை வைத்ததுமே குளிர் முழங்காலுக்கு மேல் ஏறியது. இரண்டு தோளும் பாறையில் உரசுகின்றன. சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த பெரியம்மா ஒருவர் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டார்ச்சைச் சுவரில் அடித்துப் பாருங்கள். கொத்திய தடம் ஒவ்வொன்றும் நேற்று வெட்டியதுபோல் இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் ஓரிடத்தில் பாதை அப்படியும் இப்படியும் நெளிகிறது. அதைத் தாண்டினால் தடங்கள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. இரு முனையிலிருந்தும் வெட்டி வந்தவர்கள் சந்தித்த இடம் அது. 1880-இல் இந்தச் சுரங்கத்தில் கிடைத்த கல்வெட்டு அதை விவரிக்கிறது: இன்னும் மூன்று முழம் மீதி இருக்கும்போது பாறைக்கு அப்பாலிருந்து ஒருவன் கூப்பிடுவது கேட்டதாம், எதிரெதிரே வெட்டித் திறந்தார்களாம், தண்ணீர் பாய்ந்ததாம். இரு முனைக்கும் மட்ட வித்தியாசம் சுமார் 30 சென்டிமீட்டர்தான்.

இந்த வேலைத்திறமையை ஞானம் எனலாமா? ஞானம் என்றதும் நமக்கு சாலொமோனின் நியாயாசனம்தான் நினைவுக்கு வரும். யாத்திராகமத்திலோ தேவன் கைவினைஞன் பெசலெயேலை ஞானத்தால் நிரப்புவது பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்யவும் கல்லை இழைக்கவும் மரத்தைச் செதுக்கவும். ஆசரிப்புக் கூடாரத்துக்கு நூல் நூற்ற பெண்களும் ஞான இருதயமுள்ளவர்களே. அப்படியானால் இந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களையும் அந்த வரிசையில் வைக்கலாம்.

ஆனால் யோபு 28 குறுக்கே நிற்கிறது. பாறைக்குள் நீர்க்கால் வெட்டுகிற, மறைந்து கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற மனுஷனை அந்த அதிகாரம் வாயாரப் புகழ்கிறது. புகழ்ந்த கையோடு, ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறது. ஆழமும் சமுத்திரமும் கைவிரிக்கின்றன. ஆண்டவருக்குப் பயப்படுவதே ஞானம் என்று அதிகாரம் முடிகிறது. திறமை ஞானத்தில் சேர்த்தி இல்லையா என்ன?

எனக்குக் கிடைத்த பதில் எசேக்கியாதான். இந்த வாய்க்காலைக் குறிப்பிடும் அதே 2 இராஜாக்கள் 20-இல், பாபிலோனிலிருந்து வந்த தூதருக்கு அவர் கஜானாவைத் திறந்து ஒன்று விடாமல் காட்டிவிட்டு தீர்க்கதரிசி ஏசாயாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ஊற்றை எதிரியின் கண்ணில் படாமல் மறைக்கத் தெரிந்த ராஜாவுக்குத் தன் பெருமையை மறைக்கத் தெரியவில்லை. இத்தனைக்கும் நீதிமொழிகள் 25 முதல் வருகிற சாலொமோனின் வசனங்களைப் பேர்த்தெழுதியவர்கள் எசேக்கியாவின் ஆட்களே. துன்மார்க்கனுக்கு முன் தள்ளாடும் நீதிமான் கலங்கிய சுனைக்குச் சமானம் என்ற வசனம் அதில்தான் இருக்கிறது. தண்ணீரைக் கொண்டுவருவதும் ஞானம், அதைக் கலங்காமல் காப்பதும் ஞானம். யோபு பேசுவது இரண்டாவதைப் பற்றி என்றே எனக்குப் படுகிறது.

குளத்தில் வெளியே வந்ததும் பெரியம்மா சேலையைப் பிழிந்துகொண்டே, "அந்தக் கல்வெட்டுல ராஜா பேரு இருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வெட்டுனவங்களே எழுதிருப்பாங்க" என்றார்.

அசல் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் டார்ச்சும் நனைந்தால் பரவாயில்லை என்ற செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். நனைய மனமில்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே தண்ணீரில்லாத கானானியர் காலத்துக் கால்வாய் உண்டு. ஆனால் அந்தக் கொத்துத் தடங்கள் அதில் கிடையாது.