காஸ் லைட்டரும் 10 ரூபாய்க் குத்தியும்

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு, சாரத்தோடு அடுப்படியில் நின்று, வலக்கையை நேரே நீட்டி, அதில் காஸ் லைட்டரைப் பிடித்து, லைட்டரின் மூக்கில் ஒரு 10 ரூபாய் நாணயக் குத்தியை வைத்து, நகைக்கடைக் கலண்டரில் போயா விடுமுறை தினத்துச் சிவப்பு இலக்கத்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எழும்பி வந்துவிட்டார். முப்பது வயது தாண்டிய மகனை இந்தக் கோலத்தில் கண்டால் வேறு தாய்மார் கொஞ்சமாவது கலங்குவார்கள். எங்கள் அம்மா கேட்டது இரண்டே விஷயம். "லட்சுமிப் படத்துக்கு நேர ஏன் நீட்டுறாய்?" அப்புறம், "அந்தக் குத்தி எனக்கு வேணும். பாண்காரனிட்ட மிச்சக் காசு இருக்காது."

எல்லாம் அத்தானால் வந்தது. வேறு யாரால் வரும்? மீன் தொட்டி காலம், மாடித் தோட்டக் காலம், சைக்கிள் காலம் எல்லாம் முடிந்து (தொட்டி எங்கள் பல்கனியில்தான் இருக்கிறது, பூச்சாடிகளும் அங்கேதான், சைக்கிளைப் பற்றி மூன்றாம் மாடி மாமியிடம் கேளுங்கள்) இப்போது சுடும் கழகக் காலம். போன சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அம்மாவிடம் மீன் வாங்கப் போகிறோம் என்று சொன்னது அவருடைய யோசனை, திரும்பி வரும்போது மீன் வாங்க மறந்ததும் அவர்தான், ஆனால் ஏச்சு வாங்கியது நான்.

அங்கே பழக்குபவர் ஓய்வு பெற்ற இராணுவக்காரர். சிங்களத்தில் இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு முழு மனிதவர்க்கத்தையும் நடத்தக்கூடியவர். ஒன்று "ஹெமின்", மற்றது "பய வென்ன எபா". மெதுவாக, பயப்படாதே, அவ்வளவுதான். கையில் தந்தது ஒரு .22 கைத்துவக்கு. சன்னம் வெறும் 2.6 கிராம், மூன்று நான்கு கச்சான் பருப்பு எடை. உதையும் பெரிதாக இல்லை, 155ஆம் இலக்க பஸ் பிரேக் அடித்தால் அதைவிடக் கூடுதலாக உதைக்கும். சத்தம்தான் அநியாயம். இந்தச் சின்னத் துவக்குக்கூட 140 டெசிபெலைத் தாண்டும் என்பதால், காதுக்குள் பஞ்சு மாதிரி ஒன்றைத் திணித்து, அதன்மேல் மூடியும் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டி என்னை நிறுத்தினார்கள்.

முதல் பத்து வெடியில் ஒன்பது இடப்பக்கம் கீழே போயின. பத்தாவது எங்கே போனது என்று மண் அணையைத்தான் கேட்க வேண்டும். அவர் என்னைப் பார்க்கவில்லை. இலக்குத் தாளை மட்டும் வாங்கி, சாத்திரியார் சாதகம் பார்ப்பது போல ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வெடிக்க முதலே கண்ணை மூடுகிறாய்" என்றார். வலக்கைக்காரன் வெடிக்கும் என்று எதிர்பார்த்துத் திடுக்கிட்டால் விரல்கள் எல்லாம் சேர்ந்து இறுகி, மணிக்கட்டும் அமர்ந்து, வெடி அனேகமாக இடப்பக்கம் கீழேதான் போகுமாம். அப்படி எல்லாம் இல்லை, காற்று என்றேன். கூரையின் கீழே நின்று. அத்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழக்குபவர் வாதாடவில்லை. சன்னக்கூட்டை வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்பினார். சில சன்னம் நிஜம், சில போலி. எது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. முதலாவது வெடித்தது. இரண்டாவது, டிக். சத்தமும் இல்லை, உதையும் இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் துவக்கின் மூக்கு கோயில் வாசலில் கும்பிடுகிற மாதிரி ஒரு சாண் கீழே போய் நின்றது. நான் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, பல்லையும் கடித்துக்கொண்டு, நடக்காத ஒன்றுக்காகக் குனிந்து நின்றேன். பக்கத்து வரிசையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, பதினான்கு வயது இருக்கும், கண்ணாடிக்கு உள்ளே சிரிப்பை அடக்குவது தெரிந்தது. என் வாழ்க்கையில் பல இடங்களில் அவமானப்பட்டிருக்கிறேன், திருமண வீட்டு மேடை உட்பட, ஆனால் இவ்வளவு தெளிவான அத்தாட்சியோடு ஒருபோதும் இல்லை.

இத்தனைக்கும் நான் சத்தத்துக்குப் பயந்த ஆள் இல்லை. காலி வீதிக்கும் கடலோர ரயிலுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவன். ரயில் போனால் மேசையில் தேத்தண்ணி ஆடும், நான் ஆடமாட்டேன். கீழே கொத்து ரொட்டிக் கடையில் தகரத்தை உடைக்கிற மாதிரி கொத்தும்போதும் குறட்டை விடுகிறவன். கிரிக்கெட்டில் வென்றால் விடிய விடியச் சீனவெடி, அதற்கும் எழும்பமாட்டேன். ஆனால் எவனாவது திரியில் நெருப்பு வைப்பதைக் கண்ணால் கண்டுவிட்டேனோ, முடிந்தது, அது வெடிப்பதற்குள் நான் பத்துத் தரம் வெடித்துவிடுவேன். ஊசி போடும்போது தாதி "ஒன்று, இரண்டு" எண்ணினால் இரண்டிலேயே கத்துகிறவனும் நான்தான்.

சரி, வைத்தியம் என்னவென்றால், எப்போது வெடிக்கும் என்பதை நீ தீர்மானிக்காதே. முன் குறியை மட்டும் பார், விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே இரு, வெடிப்பது அதன் வேலை. கேட்க லேசாக இருக்கிறது. நித்திரை வருவதற்காக நித்திரையை நினையாதே என்பது மாதிரி. ஹெமின், ஹெமின் என்று பின்னால் முணுமுணுத்துக்கொண்டே அவர் நாலு கூடு நிரப்பித் தந்தார். நாலாவது கூட்டில் ஒரு போலி வந்தபோது மூக்கு அசையவில்லை. அடுத்தது நிஜம், வெடித்ததை நானே பிந்தித்தான் அறிந்தேன், யாரோ சுட்டது போல இருந்தது. கறுப்பு வட்டத்துக்குள் ஓட்டை. ஒரே ஒரு ஓட்டை. அந்தத் தாளை நான்காக மடித்து வைத்திருக்கிறேன், யாராவது வீட்டுக்கு வந்தால் தற்செயலாக மேசையில் கிடக்கும்.

வீட்டுப்பாடமும் தந்தார். வெறும் துவக்கின் மேல் ஒரு காசை வைத்து, காசு விழாமல் விசையை அழுத்திப் பழக வேண்டும். துவக்குக்கு எங்கே போவது? 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம், அனுமதிப்பத்திரம், அதற்கெல்லாம் மேலாக அம்மா. வெள்ளவத்தை ஃபிளாட்டில் நம்முடைய தமிழ்ப் பெயரோடு ஒருவன் துவக்கோடு லிஃப்டில் ஏறினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், லிஃப்ட் வேலை செய்யாததால் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆகவே காஸ் லைட்டர். விசை இருக்கிறது, மூக்கு இருக்கிறது, டிக் என்றும் சொல்கிறது. ஆறு நாளாகக் குத்தி விழுந்துகொண்டே இருக்கிறது.

இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன், மீன் கதை உட்பட. அம்மா ஒன்றும் பேசாமல் லைட்டரை வாங்கினார். குத்தியைத் தானே எடுத்து மூக்கில் வைத்தார். இடக்கையில் தேத்தண்ணிக் கேத்தல் வேறு. டிக். டிக். டிக். அடுப்பு பற்றியது. குத்தி, லைட்டரோடு ஒட்டிப் பிறந்தது போல இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தரம், முப்பது வருஷம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீங்கள் பலூன் உடைஞ்சாலே துள்ளுவீங்களே அம்மா?"

"பலூன் எப்ப உடையும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அப்புறம், கேத்தலை அடுப்பில் வைத்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார். "அண்டைக்கு எனக்குச் சத்தமே கேக்கேல்லை. கண்ணாடிதான் முதல் வந்தது."

அண்டைக்கு என்றால் எங்கள் வீட்டில் ஒரு நாள்தான். 1996 ஜனவரி 31, மத்திய வங்கியில் குண்டு வெடித்த நாள். அம்மாவின் கந்தோர் கொழும்புக் கோட்டையில், இரண்டு தெரு தள்ளி. எனக்கு நாலு வயது. வெறுங்காலோடு வெள்ளவத்தை வரை நடந்தே வந்தார், தலைமுடிக்குள் கண்ணாடித் தூள், கையில் ஒரு இறாத்தல் பாண். வீட்டில் பாண் இல்லை என்று காலையிலேயே நினைத்து வைத்திருந்தாராம். பாண் கதை அப்பா சொல்லிச் சொல்லி எங்களுக்குப் பாடம். கண்ணாடி முதல் வந்தது என்பதை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

என்ன சொல்வதென்று தெரியாமல், "இன்னொருக்காச் செய்து காட்டுங்கோ" என்றேன். அம்மா அடுத்த அடுப்புக்கு லைட்டரை நீட்டினார், குத்தி மூக்கில், கை கல் மாதிரி. அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி மாமி, காற்றுக்கு விட்டாரோ கோபத்துக்கு விட்டாரோ, கதவை அடித்துச் சாத்தினார்.

அம்மா துள்ளிய துள்ளலில் குத்தி பறந்து, தரையில் பட்டு, உருண்டு ஃபிரிட்ஜுக்குக் கீழே போய்விட்டது.

கீழே, பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற சூன் பாண் ஆட்டோவின் பாட்டுக் கேட்கத் தொடங்கியது. நான் வயிற்றில் படுத்துக்கொண்டு தும்புத்தடிக் கம்பால் துழாவுகிறேன், ஒரு பழைய மூடி வருகிறது, ஒரு வெங்காயம் வருகிறது, மீன் தொட்டிக் காலத்துக் கூழாங்கல் ஒன்று வருகிறது, குத்தி வரவில்லை. பாட்டு மரைன் டிரைவ் பக்கம் திரும்பித் தேய்ந்துகொண்டே போகிறது. மேலே அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"ஹெமின்" என்றேன், தரையில் இருந்தபடி.

"என்ன ஹெமின்? பாண்காரன் போயிட்டான். கடைக்குப் போ."