எம் எழுத்துக்காக ஒரு வருடம்

போன பொங்கலின்போது என் சேகரிப்பு ஆல்பத்தில் 63 பண நோட்டுகள் இருந்தன. இந்தப் பொங்கலுக்கு எண்ணினால் 9. விற்றதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கண்காட்சிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு வாங்கியவைதான் அதில் முக்கால்வாசி. யூகோஸ்லாவியா, பெரு, கோடிக்கணக்கில் பூஜ்யம் போட்ட ஜிம்பாப்வே டாலர் எல்லாம் இருந்தது. எதைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு இரண்டு வரி சொல்லத் தெரியாது.

அதனால் ஜனவரியில் ஒரு விதி போட்டுக்கொண்டேன். நோட்டில் எங்காவது தமிழ் எழுத்து இருக்க வேண்டும். அல்லது அது தமிழர் கையில் புழங்கிய பணமாக இருக்க வேண்டும். பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் குறி, 1917-இன் ஒரு ரூபாய் நோட்டு, அதிலும் மெட்ராஸ் வட்டத்தில் வெளியானது. (நோட்டு வெளியிடும் பிரிவை அப்போது வட்டம் என்பார்கள்.)

இது ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. வெள்ளி ரூபாய் அடித்து மாளவில்லை. சரி, காகிதத்திலேயே ஒரு ரூபாய் கொடுப்போம் என்று 1917 நவம்பர் 30 அன்று அரசாங்கம் இந்த நோட்டை வெளியிட்டது. முகப்பில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயின் படம். 'நம்பு, இது அந்த ரூபாய்தான்' என்று ஜனங்களிடம் சொல்வதற்காகப் போட்டது போலவே இருக்கும். பின்பக்கம் எட்டு மொழிகளில் மதிப்பு, அதில் தமிழும் உண்டு. 25 நோட்டுகள் கொண்ட சின்னப் புத்தகமாக, இன்றைய செக் புத்தகம் மாதிரித் தைத்துக் கொடுத்தார்கள். அதனால் இடது ஓரத்தில் கிழித்தெடுத்த துளைகளின் தடம் இருக்கும். வரிசை எண்ணோடு இருக்கும் எழுத்துதான் எங்களுக்கு முக்கியம். பி என்றால் பம்பாய், சி கல்கத்தா, கே கராச்சி, எல் லாகூர், ஆர் ரங்கூன், ஏ கான்பூர், எம் மெட்ராஸ்.

பிப்ரவரியில் சென்னைக் கண்காட்சியில் நாலு பேரிடம் கேட்டேன். மூன்று பேரிடம் பம்பாயும் கல்கத்தாவும் இருந்தன. நாலாமவர் வாசலோரம் மேஜை போட்டிருந்த பெரியவர். "எம் வேணும்னா பொறுமை வேணும் தம்பி" என்று சொல்லிவிட்டு, ஆறுதலாக வேறொன்றைக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நோட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. நடுவில் வெட்டி மறுபடி ஒட்டியிருந்தது. கிழிந்துபோனதாக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பணம் அனுப்பும் வியாபாரிகள் வேண்டுமென்றே நோட்டை இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதியை முதலில் தபாலில் அனுப்பி, கிடைத்ததென்று பதில் வந்த பிறகு மறுபாதியை அனுப்புவார்கள். வழியில் திருடியவனுக்குப் பாதி நோட்டால் லாபம் இல்லை. நோட்டின் எண்ணும் இரண்டு பாதியிலும் அச்சாகியிருக்கும். விலையைக் கேட்டேன். கேட்டதற்கு மன்னிப்புக் கேட்காத குறையாகத் திரும்பக் கொடுத்தேன். ஆனால் நோட்டில் குறை என்றால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அன்றோடு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

மார்ச்சில் ஏமாந்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர், ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட இரண்டு ரூபாய் நோட்டு, சி.டி. தேஷ்முக் கையெழுத்து. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் அவர். விற்பவர் 'கிட்டத்தட்ட யு.என்.சி.' என்று போட்டிருந்தார், அதாவது புழக்கத்துக்கே போகாதது மாதிரி. படத்தில் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அந்த வெள்ளையிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வந்ததும் கையில் எடுத்தால் துணி மாதிரித் தொங்கியது. பழைய நோட்டைச் சுண்டினால் ஒரு சடசடப்பு கேட்கும், இதில் அது இல்லை. யு.வி. (புற ஊதா) டார்ச் அடித்தால் நீலமாக ஒளிர்ந்தது. பழைய காகிதம் அப்படி ஒளிராது. சோப்புத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் காகிதத்தில் ஊறியிருந்தால்தான் இப்படி மின்னும். யாரோ அலசி, இஸ்திரி போட்டு மடிப்பை எடுத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பக் கேட்டேன், பதில் இல்லை. 2,800 ரூபாய் போனது. அந்த நோட்டை விற்கவும் மனசு வரவில்லை, விற்றால் நானும் அந்த ஆள்தான். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. யு.வி. டார்ச் 350 ரூபாய். அதை முதலில் வாங்கியிருக்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயிலுக்குப் பயந்து வீட்டு வேலை. பழைய பிளாஸ்டிக் உறைகளை எல்லாம் கழற்றினேன். பி.வி.சி. உறை நாளாக ஆகப் பிசுபிசுப்பாகி நோட்டில் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் இரண்டு நோட்டில் ஏற்கெனவே எண்ணெய் மாதிரித் திட்டு விழுந்திருந்தது. இப்போது மைலார் உறை, அமிலம் இல்லாத அட்டை, டப்பாவில் சிலிக்கா ஜெல். பீரோவில் ராமபாணப் பூச்சி இரண்டைப் பிடித்தேன். பட்டுப்புடவைக்கு நடுவில்தான் பத்திரமாக இருக்கும் என்று அங்கே வைத்ததே தப்பு என்று மனைவி சொன்னாள். புடவைக்கு ஆபத்து என்கிற அர்த்தத்தில்.

அப்புறம் மச்சான் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டை அனுப்பி, 'இதுக்கு லட்சக்கணக்குல தர்றாங்களாமே' என்றார். வருஷத்துக்கு நாலு தடவையாவது இது வரும். அந்த நோட்டு கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. லட்சம் தருவதாகச் சொல்பவர்கள் முன்பணம், வரி, கமிஷன் என்று உங்களிடம்தான் வாங்குவார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி இப்படி வசூலித்ததால், 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரிக்கை விட்டது. மச்சானிடம் சொன்னேன். பொறாமை என்று நினைத்திருப்பார்.

ஜூனில் மொரீஷியஸ். இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ் நோட்டுகளில் தமிழ் எழுத்து மட்டுமல்ல, தமிழ் எண்களும் உண்டு. ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கப்புறம் இந்தி என்பது அங்கே வழக்கமான வரிசை. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே போய்விட்டது. அங்குள்ள தமிழர்கள் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். நான் வாங்கியது திரும்பப் பெற்ற அந்த 1998-இன் நூறு ரூபாய். படத்தில் இருப்பவரும் தமிழ் வம்சாவளி அரசியல்வாதி, ரெங்கநாதன் சீனிவாசன். பழைய நோட்டு இல்லைதான், விதியில் 'இருந்தால் நல்லது' என்று போட்டது இதற்குத்தான்.

அதே மாதம் இலங்கையின் ஒரு ரூபாய், 1940-களின் ஆறாம் ஜார்ஜ், சிங்களமும் தமிழும் உள்ளது. கூடவே ஒரு வேடிக்கைப் பொருள்: 1942-இன் ஐந்து சத நோட்டு. போரில் சில்லறைக்கு உலோகம் கிடைக்காத நேரம். தபால்தலை மாதிரி இரண்டு சதமும் மூன்று சதமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, நடுவில் துளை வரிசை போட்டுவிட்டார்கள். இரண்டு சதத்துக்குச் சில்லறை வேண்டுமென்றால் அங்கேயே கிழித்துக் கொடுக்கலாம். பிரியாமல் முழுசாக இருப்பதால் 1,600 கொடுத்தேன். பாதியாகக் கிழிந்த ஒன்று கிடைத்தால் அதையும் வாங்குவேன், அதுதானே உண்மையில் செலவானது.

ஆகஸ்டில் பாண்டிச்சேரி ஏலம். பிரெஞ்சு இந்தியாவுக்கு இந்தோசீனா வங்கி தனியாக ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபின் அதன் காலம் முடிந்தது. ஒரு ரூபாய் நோட்டு ஏலத்துக்கு வந்தது, கணினி முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு நானே வைத்த எல்லை 18,000. பதினாறு வரை போய்விட்டுத்தான், ஏலத் தொகைக்கு மேல் கமிஷன், கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. என்பது ஞாபகம் வந்தது. கூட்டிப் பார்ப்பதற்குள் வேறொருவர் இரண்டு படி ஏறிவிட்டார். அன்று இரவு தூக்கம் சரியாக இல்லை. காலையில், போனதே நல்லது என்று தோன்றியது. மத்தியானம் மறுபடி வருத்தமாக இருந்தது.

செப்டம்பரில் செலவே இல்லாமல் மூன்று நோட்டு வந்தது. மாமனார் ஊரில் பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, மலாயாவில் இருந்து வந்த பெரியவர் ஒருவரின் கடிதங்களுக்குள் ஜப்பானியர் காலப் பத்து டாலர் நோட்டுகள். வாழைத் தார் படம் போட்டது, எம் என்ற எழுத்து மலாயாவுக்கு. 1945-இல் ஜப்பான் தோற்றதும் வெறும் காகிதமாகிவிட்டன. இன்றும் சந்தையில் பெரிய விலை கிடையாது. "இதை வச்சு என்ன வாங்கியிருக்க முடியும்?" என்று மாமனார் கேட்டார். போர் முடியும் தறுவாயில் அங்கே விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அனேகமாக ஒன்றும் வாங்கியிருக்க முடியாது. ஆனால் அந்த மலாயாக்காரர் அதைக் கப்பலில் ஊர் வரை கொண்டுவந்து, மடித்து, கடிதத்துக்குள் வைத்திருக்கிறார். மடிப்பை நான் பிரித்துச் சரிசெய்யவில்லை.

அக்டோபரில் 1949-இன் ஒரு ரூபாய். ராஜா போய் அசோகர் தூண் சிங்கங்கள் வந்த முதல் நோட்டு, கே.ஆர்.கே. மேனன் கையெழுத்து. நல்ல நிலையில், நியாயமான விலை. சொல்ல வேறு கதை இல்லை.

நவம்பர் கடைசியில் அந்தச் சென்னைக் கண்காட்சிப் பெரியவரிடமிருந்து போன். "எம் ஒண்ணு வந்திருக்கு. ஆனா அழகு எதிர்பார்க்காதீங்க." மறுநாளே திருச்சியிலிருந்து ரயில் ஏறினேன். நாலாக மடித்த தடம், ஓரம் கொஞ்சம் மழுங்கல், இடது பக்கம் ஐந்து குண்டூசித் துளைகள். நம் வங்கிகள் நோட்டுக் கட்டில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதை 2001-இல்தான் நிறுத்தச் சொன்னார்கள், அதற்கு முந்திய எந்த நோட்டிலும் துளை இல்லாமல் பார்ப்பது அபூர்வம். அந்தக் கால அரசு அதிகாரி கப்பேயின் கையெழுத்து. டார்ச் அடித்தேன், ஒளிரவில்லை. சுண்டினேன், நூறு வயதுக் காகிதம் மெதுவாகச் சடசடத்தது. 8,000 சொன்னார். 7,000 கேட்டேன். "துளைக்கு ஐந்நூறு குறைச்சுக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே 7,500-க்கு முடித்தார்.

வருடக் கணக்கு: விற்று வந்தது 14,200. வாங்கச் செலவு, ஏமாந்ததையும் சேர்த்து, 16,000-க்குக் கொஞ்சம் மேல். ரயில், உறை, டார்ச்சை எழுதி வைக்கவில்லை, எழுதாமல் இருப்பதே வீட்டுக்கு நல்லது.

அடுத்தது இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. 1918 ஜனவரியில் வந்து, 1926-இல் நிறுத்தப்பட்டது. இரண்டரை ரூபாய்க்கு ஒரு நோட்டு. அதிலும் எம்தான் வேண்டும் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் தன் டைரியில் எழுதிக்கொண்டார். எனக்கு முன்னால் அதே பக்கத்தில் மூன்று பெயர்கள் இருந்தன.