மைலேஜ் கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு

யார் வண்டி வாங்கினாலும் நாம் முதலில் கேட்பது "மைலேஜ் எவ்வளவு?" என்பதுதான். பணத்துக்காகக் கேட்கிறோம், ஆனால் கரியமில வாயுவின் கணக்கும் அதே கேள்விக்குள் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாக வெளியே வருகிறது. மற்ற நச்சுப் புகையைக் குறைக்கக் கருவி இருக்கிறது, இதற்குக் கிடையாது. எரிக்கிற பெட்ரோலைக் குறைத்தால்தான் உண்டு.

அதற்குத்தான் 2017-18 முதல் இங்கே கேஃபே (CAFE) என்ற, கார் நிறுவனங்களுக்கான சராசரி எரிபொருள் சிக்கன விதி இருக்கிறது. ஒரு நிறுவனம் அந்த ஆண்டில் விற்கும் கார்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், கிலோமீட்டருக்கு வெளிவரும் கரியமில வாயு 130 கிராமைத் தாண்டக்கூடாது என்று தொடங்கி, 2022-23 முதல் 113 கிராம் ஆக்கினார்கள். பெட்ரோல் காருக்கு இதை நம் பாஷையில் சொன்னால் லிட்டருக்குப் பதினேழரை கிலோமீட்டர் என்பது இருபது ஆனது மாதிரி. நல்ல விதிதான், ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒப்பவே இல்லை: இந்த எண்கள் எல்லோருக்கும் ஒன்றல்ல, கனமான கார்களை விற்கும் நிறுவனத்துக்கு வரம்பும் கொஞ்சம் தளர்கிறது. தெருவெல்லாம் எஸ்யூவி நிற்கும் காலத்தில் இந்தச் சலுகை எதற்கு?

சரி, விதி எவ்வளவு கடுமையானாலும் புது வண்டியைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே ஓடுகிற வண்டி இன்னும் பத்து வருடம் ஓடும். மைலேஜ் கூடினால் செலவு குறைகிறதே என்று கூடுதலாக ஓட்டுவதும் நடக்கும். அங்கேதான் எரிபொருள் மீதான கட்டணம் வேண்டும், அது பழைய வண்டி புது வண்டி என்று பார்க்காது.

நாம்தான் ஏற்கெனவே கட்டுகிறோமே என்பீர்கள். உண்மைதான். பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 2014 ஏப்ரலில் லிட்டருக்கு 9.48 ரூபாய், 2020 மே மாதத்தில் 32.98, அப்புறம் 2022 மே மாதத்தில் 19.90 ஆகக் குறைந்தது. கச்சா எண்ணெய் விலை சரிந்தபோதெல்லாம் வரி ஏறியது. ஆனால் காற்றைக் காப்பாற்ற வாங்குகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, அந்தப் பணம் எங்கே போனது என்று பெட்ரோல் பங்க்கில் நிற்கிறவருக்குத் தெரியவும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2008ல் கரியமில வாயு டன்னுக்கு 10 டாலர் என்று கார்பன் வரியைத் தொடங்கியபோது வருமான வரியைக் குறைத்தார்கள், ஏழைக் குடும்பங்களுக்குக் கையில் பணமாகவும் கொடுத்தார்கள். வாங்கிய கை திருப்பிக் கொடுப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நம் ஊரில் அது பேருந்தாகத் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. 2021ல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் எங்கள் வீட்டிலேயே ஸ்கூட்டியை எடுப்பது குறைந்தது. நான் மட்டும் இன்னும் பைக்கில்தான் போகிறேன், ஏனென்றால் வேலை முடிந்து வரும் ஒன்பது மணிக்கு எங்கள் பகுதிக்குப் பேருந்து கிடையாது. பெட்ரோல் விலை பத்து ரூபாய் ஏறினாலும் நான் அதே அளவுதான் போடுவேன், வேறு வழி இல்லை. மாதம் 20 லிட்டர். அந்த நேரத்துக்கு ஒரு பேருந்து விட்டால் அதில் பாதி போதும், மாதம் 23 கிலோ கரியமில வாயு மிச்சம்.