புதனில் நானே தோண்டிய பதினோரு பள்ளங்கள்

கணினியில் சுத்தம் செய்ய மூன்று வாரம் இழுத்தடித்த பழைய விண்கலப் படம் நேற்று நள்ளிரவில் ஒருவழியாக வசப்பட்டது. மரைனர் 10 விண்கலம் 1974 மார்ச் 29 அன்று புதனைக் கடந்து விலகிப் போகையில் எடுத்த வரிசையில், தியாகராஜர் பள்ளம் விழுந்திருக்கும் படம் அது. திருவையாற்றுத் தியாகராஜரேதான். புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள், எழுத்தாளர்கள், இசைவாணர்கள் பெயரை வைப்பது வழக்கம்; காளிதாசரும் வால்மீகியும் கூட அங்கே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆராதனைக்குப் போய்வரும் என் சித்தியிடம் இதைச் சொன்னேன். "போயும் போயும் பள்ளத்துக்கா அவர் பெயர் கிடைத்தது?" என்று கோபித்துக்கொண்டார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலம் சித்தி, தஞ்சாவூரில் தொடங்கினால் திருவாரூர் தாண்டிப் போய்விடும் என்ற பிறகுதான் சமாதானம் ஆனார்.

முதலில் இரைச்சல். அன்று படங்களை நொடிக்கு 117.6 கிலோபிட் வேகத்தில் நேரடியாகப் பூமிக்கு அனுப்பினார்கள். அந்த வேகத்துக்கு விலையாகச் சில பிட்டுகள் வழியில் புரண்டன. அதனால் மூலப்படத்தில் உப்பும் மிளகும் தூவியது போல இருக்கும். பெரும்பாலோர் இடைமதிப்பு வடிகட்டியை (ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ளவற்றின் நடு மதிப்பை வைப்பது) ஓட்டிவிட்டு மேலே போவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நல்ல பிக்சலையும் சேர்த்து மழுக்கிவிடும். ஒரு பிக்சலின் வெளிச்ச அளவு எட்டுப் பிட்டில் வரும் எண். மேல்பிட் புரண்டால் மதிப்பு சரியாக 128 தள்ளிப் போகும், அடுத்தது புரண்டால் 64. அக்கம்பக்கத்தைப் பார்த்து, வித்தியாசம் இந்த இரண்டில் ஒன்றை ஒட்டி இருந்தால் அந்தப் பிட்டை மட்டும் திருப்பிவிடுகிறேன். மற்றபடி கைவைப்பதில்லை. பழுதான இடத்தில் புதிதாக எதையும் பூசாமல், வந்த எண்ணையே மீட்டெடுக்கும் இந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை.

தூசு வளையங்களும் பெரிய தொல்லை இல்லை. (நான் அவற்றை வடை என்றுதான் கோப்புகளில் எழுதி வைத்திருக்கிறேன்.) கேமராவில் ஒட்டிய தூசு எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும், தரை நகர்ந்துகொண்டே இருக்கும். நாற்பது படங்களை அடுக்கி இடைமதிப்பு எடுத்தேன். புதன் கரைந்து போனது, வடைகள் மட்டும் மிஞ்சின. அதை வைத்து வகுத்ததும் படம் சுத்தம்.

இங்கேதான் தலைக்கனம் ஏறியது. ரெசோ புள்ளிகளையும் இதே வழியில் ஒழித்துவிடலாம் என்று நினைத்தேன். விடிகான் குழாயின் (படத்தை எலக்ட்ரான் கற்றையால் படிக்கும் அந்தக் காலக் கேமராக் குழாய்) முகப்பில் பொறித்த கறுப்புப் புள்ளிகள் ஆயிற்றே, கண்ணாடியில் இருப்பது எங்கே ஓடிவிடப் போகிறது? புள்ளிகள் ஓடவில்லைதான். அவற்றைப் படிக்கும் எலக்ட்ரான் கற்றை ஓடுகிறது. படத்தில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதைப் பொறுத்துக் கற்றை கொஞ்சம் வளைய, ஒரு படத்தில் இருந்த இடத்திலிருந்து அடுத்த படத்தில் புள்ளி இரண்டு மூன்று பிக்சல் நகர்ந்து நிற்கிறது. அந்த நெளிவை அளந்து திருத்தத்தான் புள்ளிகளையே பொறித்தார்கள். அளக்கும் முன்பே அழிக்கப் பார்த்தது என் முட்டாள்தனம்.

விளைவு இதுதான். புள்ளி இருக்கும் என்று நான் எண்ணிய இடத்தை நிரல் வெளுத்தது. உண்மையான புள்ளி சற்றுத் தள்ளிக் கறுப்பாகவே நின்றது. ஒரு பக்கம் வெள்ளைப் பிறை, மறுபக்கம் கறுப்புப் பிறை. பக்கவாட்டு வெயிலில் நிற்கும் சின்னப் பள்ளம் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும்! போதாக்குறைக்கு, நகர்வின் திசையும் வெயிலின் திசையும் அந்தப் படத்தில் பொருந்திவிட்டன. "எவ்வளவு நுட்பம் வெளிப்பட்டிருக்கிறது" என்று இரண்டு நாள் பூரித்துப் போயிருந்தேன். மூன்றாம் நாள்தான் அந்தப் பள்ளங்கள் கோலப்புள்ளி போலச் சம இடைவெளியில் இருப்பது உறைத்தது. எண்ணினேன், பதினொன்று.

வேறு கோணத்து வெயிலில் எடுத்த படத்தோடு ஒப்பிடலாம் என்றால் மரைனர் 10 அதற்கும் இடம் கொடுக்காது. 176 நாளுக்கு ஒரு முறை புதனிடம் திரும்பியது. புதனில் ஒரு பகல் இரவும் 176 நாள். ஆக 1974 செப்டம்பரிலும் 1975 மார்ச்சிலும் போனபோது அதே பக்கம், அதே வெயில்.

இப்போது ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகத் தேடுகிறேன். எதிர்பார்த்த இடத்தைச் சுற்றி 15 பிக்சல் சதுரம், அதற்குள் மாதிரிப் புள்ளி எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்து, இடத்தைப் பிக்சலின் பின்னம் வரை கணிப்பது. பள்ளத்தின் நிழலில் விழுந்த புள்ளிகள் பொய் சொல்லும். அவற்றுக்கு அண்டைப் புள்ளிகளின் நகர்வை வைத்துச் சரிசெய்கிறேன். நெளிவை நிமிர்த்திய பிறகே அழிப்பு. ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

இடையில் ஒரு புலம்பல். இந்த வேலைக்கென்று வாங்கிய வன்தட்டு எட்டாவது நாளே கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கடைக்காரர், "சத்தம் வந்தால் ஓடுகிறது என்றுதானே அர்த்தம் சார்?" என்றார். மூலக்கோப்புகள் இன்னொரு இடத்தில் இருந்ததால் பிழைத்தேன். அச்சுப் போடக் கொடுத்த ஸ்டூடியோவிலோ என்னைக் கேட்காமலே வெளிச்சத்தைக் கூட்டி, விண்வெளியைச் சாம்பலாக்கிக் கொடுத்தார்கள்.

சரி, தியாகராஜருக்கு வருவோம். பள்ளத்தின் தரையில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. சூடுபட்ட பூனை அல்லவா, அதுவும் என் கைவேலைதான் என்று அழிக்கப் போனேன். பக்கத்துப் படத்தில் பார்த்தால் தரையோடு சேர்ந்து அதுவும் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் கேமராவின் குறை இல்லை. மெசஞ்சர் விண்கலம் 2011க்குப் பிறகு சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படத்தைத் திறந்தேன். அதே இடத்தில், தரை அரித்துப் போனது போல, ஆழமில்லாத ஒளிர்ந்த குழிகள் கூட்டமாக இருக்கின்றன. ஆவியாகக்கூடிய ஏதோ பொருள் வெளியேறி உண்டான குழிகள் என்கிறார்கள். 1974இன் மங்கலான விடிகான் அதைத் திட்டாகவாவது பிடித்து வைத்திருக்கிறது. என் பழைய நிரல் அதன் ஓரத்தைத் தின்றிருக்கிறது.

அடுத்து வெள்ளி மேல் கண். இதே விண்கலம் 1974 பிப்ரவரி 5 அன்று வெள்ளியைக் கடந்தது. எல்லோரும் பார்த்திருக்கும் அந்த நீல வெள்ளி, புற ஊதாப் படத்துக்குப் பூசிய சாயம். ஆரஞ்சு வடிகட்டிப் படத்தைச் சிவப்பாகவும் புற ஊதாவை நீலமாகவும் வைத்து, நடுவே பச்சையைக் கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிர்மஞ்சளை நெருங்கப் பார்க்க வேண்டும். கோப்புகளை இறக்கத் தொடங்கியும் விட்டேன், புதனில் இன்னும் ஆறு படம் பாக்கி இருக்கும்போதே.

அந்த ஆறில் முதலாவது இப்போது திரையில் இருக்கிறது. கோளின் விளிம்பு குறுக்கே போகிறது. பாதிப் புள்ளிகள் விண்வெளிக் கருமையில் கிடக்கின்றன. கறுப்பில் கறுப்புப் புள்ளியைத் தேட வேண்டும். அண்டைப் புள்ளிகளை நம்பலாம் என்றால், கற்றை மிக அதிகமாக வளைவதே அந்த விளிம்பில்தான்.